பள்ளிக்கூட வாசலில் இன்னொரு பரீட்சை!

மணி 1.15. நீண்ட மணி அடிக்கிறது. விடைத்தாளைக் கட்டி, கொடுத்துவிட்டு மாணவர்கள் வெளியே வருகிறார்கள். பிளஸ்-2 ரசாயனப் பரீட்சை முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டதா? இல்லை. இனிமேல்தான் இன்னொரு பரீட்சை தொடங்குகிறது. அது பள்ளிக்கூட வாசலில், வேப்ப மரத்து நிழலில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நடக்கும் பரீட்சை. அதற்கு மேற்பார்வையாளர் கிடையாது. நேரக் கணக்கும் கிடையாது.

"டேய், அஞ்சாவது ஒரு மார்க்குக் கேள்விக்கு என்னடா போட்டே?"

"'இ' போட்டேன்."

"'இ'யா? நான் 'ஆ' இல்ல போட்டேன்! போச்சுடா!"

பக்கத்தில் நிற்கும் ஆங்கில வழி மாணவன், "எங்க பேப்பர்ல 'சி'டா" என்கிறான். 'இ'யும் 'சி'யும் ஒன்றுதானா என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறார்கள். அ, ஆ, இ. ஏ, பி, சி. ஒன்றுதான்! 'இ' போட்டவன் முகத்தில் சிரிப்பு. 'ஆ' போட்டவன் முகத்தில் இருட்டு.

கும்மிடிப்பூண்டியில், பொன்னேரியில், கவரைப்பேட்டையில், திருவள்ளூரில், ஊத்துக்கோட்டையில், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

70, 20, 10

ரசாயனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் அதன் பெயர் வேதியியல். மொத்தம் 100 மார்க்கு. எழுத்துப் பரீட்சைக்கு 70. செய்முறைக்கு 20. பள்ளியிலேயே போடும் அகமதிப்பீட்டுக்கு 10.

எழுத்துப் பரீட்சைக்கு 3 மணி நேரம். காலை 10 மணிக்கு உட்கார்ந்தால், முதல் 15 நிமிடம் கேள்வித்தாளைப் படிக்கவும், விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்கவும் போய்விடும். 10.15-க்கு எழுத ஆரம்பிக்கலாம்.

ஒரு மார்க்குக் கேள்விகள் 15. இரண்டு மார்க்குக் கேள்வி 6 எழுத வேண்டும். மூன்று மார்க்குக் கேள்வி 6. ஐந்து மார்க்குக் கேள்வி 5. கூட்டிப் பாருங்கள், 70 வரும்.

தேர்ச்சி பெற 35 போதும். ஆனால் எழுத்தில் மட்டும் 15-க்குக் குறையக் கூடாது. செய்முறையும் அகமதிப்பீடும் 30 மார்க்கு ஆயிற்றே என்று எழுத்தைக் கோட்டை விட்டவர்கள் இந்த 15-ல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாசலில் நடக்கும் பேச்சில் ஐந்து மார்க்குக் கேள்வி அதிகம் அடிபடுவதில்லை. ஒரு மார்க்குதான் படாத பாடு படுத்துகிறது. காரணம் எளிது. பெரிய கேள்வியில் பாதி எழுதினால் பாதி கிடைக்கும். ஒரு மார்க்கில் பாதி கிடையாது. வந்தால் ஒன்று; இல்லாவிட்டால் சைபர்.

அதிலும் ஒரு சங்கடம். குறியீட்டை மட்டும் எழுதினால் போதாது. 'இ' என்று எழுதி, அதற்குரிய விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. அவசரத்தில் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்தவன், வெளியே வந்து நண்பன் சொன்ன பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறான்.

கனம் கூடிய மார்க்கு

ஒரு மார்க்குக்கா இத்தனை கவலை என்று வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நினைக்கலாம். கணக்கைப் பார்த்தால் கவலை புரியும்.

பொறியியல் கல்லூரியில் சேர 'கட்-ஆப்' மார்க்கு என்று ஒன்று உண்டு. அது 200-க்குக் கணக்கு. கணிதத்தில் வாங்கும் 100 அப்படியே சேரும். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. ஆக வேதியியலில் ஒரு மார்க்கு போனால், கட்-ஆப்பில் அரை மார்க்கு போகும்.

முன்பு இப்படி இல்லை. 2018 வரை ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மார்க்கு; மொத்தம் 1,200. அப்போதும் வேதியியல் கட்-ஆப்பில் 50 ஆகத்தான் சுருங்கியது. அப்போது ஒரு மார்க்கு போனால் கால் மார்க்குதான் நஷ்டம். 2019 முதல் பிளஸ்-2 மொத்தம் 600 ஆயிற்று. பாடத்துக்கு 100. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கத்தான் மொத்தத்தைக் குறைத்தார்கள். ஆனால் ஒற்றை மார்க்கின் கனம் இரண்டு மடங்காகிவிட்டது!

அரை மார்க்கு வித்தியாசத்தில் பெரிய கூட்டமே நிற்கும். ஒரே கட்-ஆப் வாங்கியவர்கள் பலர் இருந்தால், கணிதத்தில் யார் அதிகம், இயற்பியலில் யார் அதிகம் என்று பார்க்கிறார்கள். அதுவும் சமமாக இருந்தால் பிறந்த தேதி வரை போகிறார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னிடம். அதிலும் சமம் என்றால், விண்ணப்பித்தபோது கம்ப்யூட்டர் கொடுத்த சமவாய்ப்பு எண்.

2006 வரை இதோடு நுழைவுத் தேர்வும் இருந்தது. 1984-ல் தொடங்கிய அந்தத் தேர்வை எடுத்த பிறகு, பொறியியலுக்குப் பிளஸ்-2 மார்க்கே எல்லாம் ஆகிவிட்டது. 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. அந்தக் கதவுக்கும் வரிசை உண்டு. வரிசையில் எங்கே நிற்பது என்பதை மறுபடியும் மார்க்குதான் சொல்லும்.

ஒரு வருஷம் தேன், ஒரு வருஷம் தேள்

வேதியியலைக் கண்டு பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எந்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

2023-ல் வேதியியலில் 100-க்கு 100 வாங்கியவர்கள் 3,909 பேர். மறு வருஷம் 2024-ல் எத்தனை தெரியுமா? 471 பேர்தான்! 2025-ல் மறுபடியும் 3,181 பேர்.

ஒரே பாடம். ஒரே புத்தகம். ஆனால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்து, மீண்டும் ஏறியிருக்கிறது. பிள்ளைகளின் மூளை ஒரே வருஷத்தில் மங்கி, மறு வருஷத்தில் கூர்மையாகி விடுமா? கேள்வித்தாளின் போக்குதான் மாறுகிறது.

ஆகவே "பேப்பர் கஷ்டம்" என்று வாசலில் அழுகிற பெண் ஒன்றை யோசிக்கலாம். கஷ்டம் என்றால் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கஷ்டம். பொறியியல் வரிசை பெரும்பாலும் அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குள்ளேதான் நடக்கிறது. கஷ்டமான பேப்பரில் 85 வாங்கியவள், எளிதான பேப்பரில் 93 வாங்கியவளுக்குச் சமமாக நிற்கக்கூடும். இது அழுகையை நிறுத்துமா என்பது வேறு விஷயம்.

பத்துத் தடவை பாதி

வாசலில் சண்டை மூட்டும் கேள்விகளில் 'அரை வாழ் காலம்' முக்கியமானது. அது என்ன?

ஒரு பொருள் வினை புரிந்து குறைந்துகொண்டே போகிறது. முதலில் இருந்ததில் பாதியாகக் குறைய எத்தனை நேரம் ஆகிறதோ அதுவே அரை வாழ் காலம். 'முதல் வகை' வினை என்றால், பாதி, அந்தப் பாதியில் பாதி என்று ஒவ்வொரு தடவையும் அதே நேரம்தான் ஆகும்.

வினை 99.9 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் என்பது ஆசிரியர்கள் விரும்பிக் கேட்கும் கணக்கு. வேக மாறிலி நிமிடத்துக்கு 0.0693 என்று வைத்துக்கொள்வோம். அரை வாழ் காலம் 10 நிமிடம். 99.9 சதவீதம் முடிய? மடக்கை போட்டுக் கணக்குச் செய்தால் ஏறத்தாழ 100 நிமிடம் வரும். அதாவது பத்து மடங்கு.

சூத்திரமே தெரியாத ஒரு பாட்டிகூட இதைச் சரிபார்க்கலாம். முறத்தில் 1,024 புளியங்கொட்டை இருக்கட்டும். பாதியை எடுத்துவிட்டால் 512. மறுபடி பாதி 256. பிறகு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எத்தனை தடவை பாதியாக்கினோம்? பத்துத் தடவை! ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுதான் மிச்சம். அதாவது 99.9 சதவீதம் போய்விட்டது. கணக்கு முடிந்தது.

வாசலில் ஒருவன், "எனக்கு 100 வந்தது" என்கிறான். இன்னொருவன், "எனக்கு 6,000" என்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள். மூன்றாமவன் கேட்கிறான்: "நிமிஷமா, வினாடியா?" 100 நிமிடமும் 6,000 வினாடியும் ஒன்றுதானே! இருவருக்கும் மார்க்கு உண்டு. அலகு எழுதாமல் விட்டவன்தான் விழிக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிக மிகக் கொஞ்சம், ஒரு மோலில் 10 கோடியில் ஒரு பங்கு மட்டும் இருக்கிறது. அதன் பி.எச். என்ன? சூத்திரத்தில் போட்டால் 8 வரும். பலர் சந்தோஷமாக 8 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 7-க்கு மேலே போனால் அது காரம் அல்லவா? அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் காரமாகுமா? தண்ணீரிலேயே அதைவிடப் பத்து மடங்கு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது என்பதை மறந்ததால் வந்த வினை இது. சரியான விடை 6.98. எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் இனிக்கும் என்று எழுதுவதற்குச் சமம் அந்த 8!

ஒரே ஒரு சொல்

வாசலில் நடக்கும் இந்தத் தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை போனதுண்டு என்றால் நம்புவீர்களா? போயிருக்கிறது.

2024 மே 5-ந் தேதி நாடு முழுவதும் மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்வு நடந்தது. அதில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி. இயற்பியல் பகுதியில் வந்தது. ஆனால் ரசாயனம் படித்தவர்களுக்கும் பழக்கமான விஷயம். இரண்டு வாக்கியங்கள் கொடுத்திருந்தார்கள். அணுவில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாக இருப்பதால் அது மின் நடுநிலை உடையது என்பது முதலாவது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது. தனக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்பது இரண்டாவது. எது சரி?

முதலாவது சரி. அதில் தகராறு இல்லை. இரண்டாவதில்தான் வம்பு. ரேடியத்தின் அணு நிலையானதா? யுரேனியத்தின் அணு? அவை தாமாகவே சிதைகின்றன. ஆகவே ஒவ்வொரு தனிமமும் என்று சொல்வது தப்பு. பெரும்பாலான தனிமங்கள் என்றால் சரி.

ஆனால் பழைய பதிப்புப் பாடப் புத்தகத்தில் எல்லாத் தனிமங்களையும் சேர்த்தே சொல்லியிருந்தது. புதிய பதிப்பில் திருத்திவிட்டார்கள். அண்ணன், அக்காளின் பழைய புத்தகத்தை வாங்கிப் படித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இரண்டுமே சரி என்று குறித்தார்கள். அப்படிக் குறித்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தேர்வு நடத்தியவர்கள் இரண்டு விடைக்குமே மார்க்குக் கொடுத்தார்கள்.

ஜூன் 4-ந் தேதி முடிவு வந்தபோது 67 பேர் 720-க்கு 720! அவர்களில் 44 பேருக்கு முழு மார்க்கு கிடைத்தது இந்தக் கேள்வியால்தான். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று நிபுணர்களை வைத்து விடை கேட்டார்கள். ஒரே விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள். ஜூலை 23-ந் தேதி கோர்ட்டு அதை ஏற்றது.

கொடுத்த 4 மார்க்கு போயிற்று. தப்பு விடை என்பதால் இன்னும் ஒன்று போயிற்று. ஆளுக்கு 5 மார்க்கு! திருத்திய பட்டியலில் முழு மார்க்குக்காரர்கள் 17 பேர் ஆனார்கள். ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

பழைய புத்தகம் வாங்கிப் படிப்பது ஏழை வீடுகளில் சிக்கனம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த வருஷத்துப் பதிப்பு என்று முதல் பக்கத்தைப் பார்த்து வாங்குவது நல்லது.

புத்தகத்தில் ஊதுலை, ஊரில் மின் உலை

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஊரோடு போகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைய. வீட்டுக்கு வீடு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழோடு தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பல. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் முகாமும் இங்கே இருக்கிறது. வடநாட்டுத் தொழிலாளர்களும் குடியேறியிருக்கிறார்கள்.

பிளஸ்-2 வேதியியலில் முதல் பாடமே உலோகவியல். இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து ஊதுலையில் இரும்பாக்குவதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பையன் அதை மனப்பாடம் செய்கிறான். ஆனால் அவன் அப்பா வேலை செய்யும் ஆலையில் தாது வருவதில்லை. லாரி லாரியாகப் பழைய இரும்பு வருகிறது. அதை மின்சார உலையில் உருக்கிக் கம்பியாக்குகிறார்கள். 'இது என்னப்பா, புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கே?' என்று அப்பாவைக் கேட்டால் ஒரு நல்ல பாடம் கிடைக்கும். ஷிப்டு முடிந்து அசந்து தூங்கும் அப்பாவை எழுப்பத்தான் மனம் வருவதில்லை.

அம்மோனியாவும் அப்படித்தான். ஹேபர் முறை என்று புத்தகத்தில் இருக்கிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா. உரம் செய்ய அதுதான் மூலம். இதே ரயில் பாதையில் உள்ள எண்ணூரில் 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு, கடலுக்கு அடியில் உர ஆலைக்குப் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. மீனவர் குப்பங்களில் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், துணியை நனைத்து மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லும். அதற்கு மார்க்கு யாரும் போடுவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

வாசல் பரீட்சையை முடித்துக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். அங்கே மூன்றாவது பரீட்சை!

"எப்படிக் கண்ணு எழுதினே?" என்று அம்மா கேட்கிறாள். "நல்லா எழுதினேம்மா" என்று பதில் வருகிறது. அந்தக் குரலைக் கேட்டதுமே தாய்க்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற தாய் புத்திசாலி. "பக்கத்து வீட்டுப் பையன் 95 வருமாம்" என்று ஆரம்பித்தால் சோறு இறங்காது.

மறுநாள் பேப்பர் பேச்சிலேயே இரவு போய்விட்டால், அடுத்து வரும் பரீட்சைக்குப் படிப்பது யார்? போன விடையைத் திருத்த முடியாது. வருகிற விடையைத்தான் எழுத முடியும். இதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் போய்க் கூடுகிறார்கள்.

உண்மையில் மனம் உடைந்துபோகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாப்பிடாமல், பேசாமல், அறையைச் சாத்திக்கொண்டு இருந்தால் பெற்றோர் விட்டுவிடக் கூடாது. 104, 14416 என்ற எண்களுக்குப் போன் செய்தால் ஆறுதலாகப் பேச ஆள் இருக்கிறார்கள். காசு கிடையாது.

பெயில் ஆகிவிட்டால் ஒரு வருஷம் போச்சு என்ற காலம் மலையேறிவிட்டது. அதே கோடையில் துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரவும் பிளஸ்-2 படித்தவர்களுக்கு வழி உண்டு. ரசாயனமே பிடித்துப்போனவர்கள் பி.எஸ்சி. பக்கம் போகலாம். பொன்னேரியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது.

விடைத்தாளின் பயணம்

எழுதிய தாள் என்ன ஆகிறது? அதன் மேல் தாளில் மாணவரின் படமும் ரகசியக் கோட்டு எழுத்தும் இருக்கும். திருத்தும் ஆசிரியருக்குப் போகும்போது அந்த மேல் தாள் இராது. யாருடைய தாள், எந்த ஊர்த் தாள் என்று அவருக்குத் தெரியாது. கணக்கில் கடைசி விடை தப்பாக இருந்தாலும், சூத்திரமும் வழியும் சரியாக இருந்தால் அதற்குரிய மார்க்கு உண்டு. வாசலில் "விடை தப்பு, அஞ்சும் போச்சு" என்று அழுதவனுக்கு மூன்று கிடைத்திருக்கலாம்.

முடிவு மே மாதத்தில் வரும். முன்பெல்லாம் நாளிதழில் எண்ணைத் தேடுவார்கள். மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர் லட்டு ஊட்டிக்கொள்ளும் படம் முதல் பக்கத்தில் வரும். 2017 முதல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. இப்போது கைப்பேசிக்கே மார்க்கு வருகிறது. சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம். பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம்.

அது வரைக்கும் அந்தக் கேள்வித்தாள் வீட்டில்தான் கிடக்கிறது. ஓரத்தில் பென்சிலால் போட்ட கணக்கு. கூட்டிக் கூட்டி அழித்த மார்க்கு. 68, 71, மறுபடி 68. பிளஸ்-1 படிக்கும் தங்கை அதை எடுத்து மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறாள். அடுத்த மார்ச்சில் அவளுக்கு வேண்டும்.